சாலையோரம் காமிராவுடன் நின்ற பேராசிரியர்!

கடைத் தெருவிலே வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது, அங்கே நிற்பவர் யாரைக் கேட்டாலும் ஒரு காரணம் சொல்வார். “ரோடு குறுகல், ஸார்” என்பார் ஒருவர். “போலீஸ்காரருக்குக் கை காட்டத் தெரியவில்லை” என்பார் இன்னொருவர். “எல்லாம் அந்த லாரிக்காரனால் வந்த வினை!” என்று மூன்றாமவர் தீர்ப்பே கூறிவிடுவார்.

காரணம் சொல்ல எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்தச் சாலையில் ஒரு மைல் தூரத்துக்குள் எத்தனை வண்டிகள் இருக்கின்றன, அவை என்ன வேகத்தில் நகர்கின்றன, ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் கடந்து போகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு அதன் பிறகு பேசுகிறவர் எத்தனை பேர்?

அப்படி எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசிய முன்னோடிகளில் ஒருவர்தான் பேராசிரியர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ். அமெரிக்காவில் ஸிவில் இஞ்சினீயரிங் ஆசிரியராக வாழ்நாளைக் கழித்தவர். பாலம் கட்டிப் பெயர் வாங்கியவர் அல்ல; அணை கட்டியவரும் அல்ல. சாலையோரத்தில் ஒரு ஸினிமா காமிராவை வைத்துக்கொண்டு, போகிற வருகிற மோட்டார்களைப் படம் பிடித்தவர். இன்று உலகில் எந்த மூலையில் போக்குவரத்து இஞ்சினீயரிங் படித்தாலும், மாணவன் முதன் முதலில் சந்திக்கும் சூத்திரங்களில் ஒன்று இவர் பெயரால் வழங்கும் சூத்திரமே.

நாற்பது வயதுக்குப் பின் டாக்டர் பட்டம்

கிரீன்ஷீல்ட்ஸ் 1893-ம் ஆண்டில் கான்ஸாஸ் மாகாணத்திலுள்ள வின்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். ஓக்லஹோமா சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றார். அவர் பிறந்தபோது அமெரிக்கச் சாலைகளில் குதிரை வண்டிகளே ஓடின. மோட்டார் வண்டி என்பது இன்னும் பரவவில்லை. அவர் நடுவயதை எட்டுவதற்குள் நாடே மாறிவிட்டது. 1930-ல் அமெரிக்காவில் ஓடிய மோட்டார் வாகனங்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். சாலை விபத்துக்களில் அந்த ஓராண்டில் மாண்டவர்கள் 30,000 பேருக்கு மேல்.

அந்த நாளைய சாலை இஞ்சினீயர்கள் கெட்டிக்காரர்கள். எந்தக் கல்லை எவ்வளவு கனத்துக்குப் பரப்ப வேண்டும், வளைவில் எவ்வளவு சாய்வு வேண்டும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால், “இந்தச் சாலை மணிக்கு எத்தனை வண்டிகளைத் தாங்கும்?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. வண்டியின் நீளம் இவ்வளவு, பிரேக் போட்டால் நிற்கப் பிடிக்கும் தூரம் இவ்வளவு என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டார்கள். ஒருவர் போட்ட கணக்குக்கும் மற்றவர் போட்ட கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இந்தச் சமயத்தில்தான் கிரீன்ஷீல்ட்ஸ் புகுந்தார். ஓஹையோ மாகாணத்தில் டெனிஸன் சர்வகலாசாலையில் ஆசிரிய வேலை. அம்மாகாணத்து நெடுஞ்சாலை இலாகாவுடன் ஆராய்ச்சித் தொடர்பு. இதற்கிடையே மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கான படிப்பு. 1934-ல் ஸிவில் இஞ்சினீயரிங்கில் அந்தப் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பலர் “இனி என்ன படிப்பு?” என்று சாய்ந்து உட்காரும் வயதில், அவருடைய உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பமாயிற்று.

ஸினிமாப் படம் சொன்ன கணக்கு

ஒரு வண்டியின் வேகத்தை அளப்பது கடினம் அல்ல. சாலையில் இரண்டு கோடுகள் போட்டு, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஆனால் பத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்? அவற்றினிடையே எத்தனை அடி இடைவெளி என்றும் தெரிய வேண்டுமானால்? பார்க்கிறவன் கண் ஒன்றைப் பிடிப்பதற்குள் இரண்டு போய்விடும். போனது போனதுதான்; திரும்பக் கூப்பிட்டு அளக்க முடியாது.

கிரீன்ஷீல்ட்ஸ் கண்ட வழி இதுதான். சாலையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு 16 மில்லிமீட்டர் ஸினிமா காமிராவை நிறுத்தினார். சாலையின் ஒரு துண்டு முழுவதும் அதன் பார்வையில் விழும்படி வைத்தார். ஸினிமாவுக்கு எடுப்பதுபோலப் படபடவென்று எடுக்காமல், ஒரே சீரான கால இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுத்தார். ஒரே வண்டி குறைந்தது இரண்டு படங்களிலாவது விழும். முதல் படத்தில் இருந்த இடத்துக்கும் அடுத்த படத்தில் இருந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் உள்ள இடைவெளியும் அதே படத்திலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் பிலிமை மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். சாலையே ஆராய்ச்சிச் சாலைக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம்!

இதிலே அவர் கையாண்ட ஒரு சிறு யுக்தி, கணக்கு வாத்தியார்கள் ரசிக்கத்தக்கது. ஒரு மைல் என்பது 5,280 அடி. ஆகவே மணிக்கு ஒரு மைல் வேகத்தில் போகும் வண்டி நிமிடத்துக்கு 88 அடி போகும். காமிரா நிமிடத்துக்குச் சரியாக 88 படங்கள் எடுத்தால் என்ன ஆகும்? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் வண்டி எத்தனை அடி நகர்ந்திருக்கிறதோ, அத்தனை மைல்தான் அதன் மணி வேகம். 30 அடி நகர்ந்தால் 30 மைல். 45 அடி நகர்ந்தால் 45 மைல். பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்!

இந்தப் படப்பிடிப்பு முறையைப் பற்றி 1933-ல் அமெரிக்க நெடுஞ்சாலை ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு கட்டுரை அளித்தார். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு இன்னொரு கட்டுரை. ‘போக்குவரத்துக் கொள்ளளவு பற்றிய ஆய்வு’ என்பது அதன் பொருள். இந்த இரண்டாவது கட்டுரைதான் அவர் பெயரை நிலைநாட்டியது.

ஒரு கோடு சொல்லும் உண்மை

அந்தக் கட்டுரையில் ஒரு படம் இருந்தது. ஒரு மைல் நீளத்தில் எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பதைக் கீழே குறித்தார். அவை என்ன வேகத்தில் போகின்றன என்பதைப் பக்கவாட்டில் குறித்தார். புள்ளிகளைச் சேர்த்து ஒரு நேர்கோடு போட்டார். கோடு மேலிருந்து கீழே சரிந்தது. வண்டிகள் நெருங்க நெருங்க வேகம் சீராகக் குறைகிறது. மைலுக்கு 195 வண்டிகள் என்ற நெருக்கம் வந்தால் எதுவும் நகராது என்று அந்தக் கோடு காட்டியது.

“இதைச் சொல்ல ஒரு பேராசிரியர் வேண்டுமா? கூட்டம் கூடினால் வேகம் குறையும் என்பது மாட்டு வண்டிக்காரனுக்கும் தெரியுமே!” என்று கேட்கத் தோன்றும். தெரியும்தான். ஆனால் அந்த நேர்கோட்டிலிருந்து பிறக்கும் அடுத்த உண்மை அவ்வளவு சுலபமாக யாருக்கும் தோன்றுவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெறிச்சோடிக் கிடக்கும்போது மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகக்கூடிய ஒரு சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோ மீட்டருக்கு 120 வண்டிகள் வந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். கிரீன்ஷீல்ட்ஸின் கோட்டின்படி, கிலோ மீட்டருக்கு 30 வண்டிகள் இருந்தால் வேகம் 45. ஆக, ஒரு மணி நேரத்தில் கடந்து போகும் வண்டிகள் 30 பெருக்கல் 45, அதாவது 1,350. வண்டிகள் 60 ஆனால் வேகம் 30, கடப்பவை 1,800. இதுதான் உச்சம். இன்னும் கொஞ்சம் வண்டிகளை உள்ளே விடுவோம். 90 வண்டிகள் ஆனால் வேகம் 15. கடப்பவையோ மறுபடியும் 1,350தான்!

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 30 வண்டிகள் தாராளமாகப் போனபோதும் மணிக்கு 1,350. 90 வண்டிகள் மூச்சுத் திணறி ஊர்ந்தபோதும் மணிக்கு 1,350. கூட்டம் மூன்று மடங்கு, வேகம் மூன்றில் ஒரு பங்கு, பலன் ஒன்றே. பாதி நிறையும் வரை சாலை நமக்குக் கொடுக்கிறது. பாதிக்கு மேல் திணித்தால், கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. முன்னே உள்ள சந்தில் எப்படியாவது மூக்கை நுழைத்துவிட்டால் தனக்கு லாபம் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். எல்லோரும் அப்படி நினைக்கும்போது எல்லோருக்கும் நஷ்டம்.

ஆற்றுக்கு அடியில் ஒரு பரீட்சை

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு நியூயார்க்கிலே ஒரு சாட்சி கிடைத்தது. ஹட்ஸன் ஆற்றுக்கு அடியில் ஹாலண்டு சுரங்கப்பாதை என்று ஒன்று இருக்கிறது. அதில் வண்டிகளை இஷ்டம்போல் உள்ளே விட்டபோது, மணிக்கு 1,176 வண்டிகளே வெளியே வந்தன. பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு 44 வண்டிகள். அந்தக் கணக்கு அதற்கு முன்பே பூர்த்தியாகிவிட்டால் அடுத்த வண்டியைப் பத்து விநாடி வாசலிலேயே நிறுத்திவைப்பது. இவ்வளவுதான் ஏற்பாடு. பலன் என்ன? மணிக்கு 1,320 வண்டிகள் வெளியே வந்தன! உள்ளே விடுவதைக் குறைத்தார்கள். வெளியே வருவது கூடிற்று.

புனலில் அரிசியைக் கொட்டிப் பார்த்த இல்லத்தரசிகளுக்கு இதில் ஆச்சரியம் இராது. அள்ளி மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மூட்டையும் காலியாகும். பெரிய நகரங்களில் விரைவுச் சாலைகளின் நுழைவாயில்களில் விளக்கு வைத்து, ஒவ்வொரு வண்டியாக உள்ளே விடும் வழக்கம் பிற்காலத்தில் பரவியதற்கு அடிப்படை இந்தத் தத்துவமே.

1955-ல் இங்கிலாந்தில் லைட்ஹில், விதாம் என்ற இரு கணித மேதைகள் சாலைப் போக்குவரத்தை ஆற்று வெள்ளத்தைப்போலக் கருதி ஒரு சித்தாந்தம் வகுத்தார்கள். நெருக்கத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் இத்தகைய வளைகோடுதான் அதற்கும் அஸ்திவாரம். சாலை பாதிக்கு மேல் நெருங்கிய நிலையில் முன்னே ஒருவர் பிரேக் போட்டால், அந்தத் தடங்கல் அலையாக மாறிப் பின்னோக்கிப் பரவும் என்று அவர்கள் காட்டினார்கள். அரை மைல் பின்னால் வருகிறவர் ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே நிற்பார். கடைசியில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் விபத்தும் இராது, பள்ளமும் இராது. நெரிசலுக்குக் காரணமானவர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்!

குறை கண்டவர்கள்

பேராசிரியரின் கோட்டுக்கு இவ்வளவு பெருமை உண்டு. ஆனால் அது எத்தனை புள்ளிகளின் மேல் நின்றது தெரியுமா? ஏழே ஏழு புள்ளிகள்! அவற்றில் ஆறு, வண்டிகள் ஓரளவு தாராளமாக ஓடிய நிலையில் எடுத்தவை. நெரிசலான பக்கத்திலோ ஒரே ஒரு புள்ளி. அதுவும் வேறொரு சாலையில் எடுத்தது. எடுத்த நாள் சாதாரண வேலை நாள் அல்ல, விடுமுறை நாள். அந்தச் சாலைகளும் இன்றைய அகலமான விரைவுச் சாலைகள் அல்ல. போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை உள்ள சாலைகளே. வண்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துச் சராசரி எடுத்த முறையும் இன்றைய ஆராய்ச்சி இலக்கணத்துக்கு ஒத்து வராது.

பின்னால் வந்தவர்கள் இந்தக் குறைகளையெல்லாம் எடுத்துக்காட்டினார்கள். நேர்கோட்டுக்குப் பதிலாக வளைகோடுகளை வரைந்தார்கள். 1959-ல் ஒருவர், 1961-ல் ஒருவர் என்று புதிய சூத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் விசேஷம் என்னவென்றால், ஒவ்வொருவரும் தங்கள் சூத்திரத்தைச் சரியென்று காட்ட, கிரீன்ஷீல்ட்ஸ் செய்ததையே செய்ய வேண்டியிருந்தது. சாலைக்குப் போக வேண்டும், அளக்க வேண்டும், நெருக்கத்தையும் வேகத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். கோடு மாறியது, கேள்வி மாறவில்லை.

2008-ம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து உட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் உலகத்துப் போக்குவரத்து நிபுணர்கள் கூடினார்கள். அந்தக் கோட்டுக்கு 75 வயது நிறைந்ததைக் கொண்டாடத்தான் அந்தக் கூட்டம். ஒரு மனிதருக்கு வைர விழா நடப்பது உண்டு. ஒரு கோட்டுக்கு விழா நடந்தது அபூர்வம் அல்லவா?

பச்சை விளக்கில் தொலையும் விநாடிகள்

ஒரு கட்டுரை புகழ் பெற்றுவிட்டால் அதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பேராசிரியர்கள் உண்டு. கிரீன்ஷீல்ட்ஸ் அந்த ரகம் அல்ல. புரூக்ளின் பாலிடெக்னிக் கல்லூரியிலும், பிறகு வாஷிங்டன் நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் சர்வகலாசாலையிலும் அவர் பணியாற்றினார். நெடுஞ்சாலையை விட்டு அடுத்து நகரத்து நாற்சந்திக்கு வந்தார்.

யேல் சர்வகலாசாலையின் போக்குவரத்து ஆராய்ச்சிப் பிரிவு 1947-ல் வெளியிட்ட முதல் தொழில் நுட்ப அறிக்கை, வேறு இருவருடன் சேர்ந்து அவர் எழுதியது. சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிகள், பச்சை விழுந்ததும் எவ்வாறு புறப்படுகின்றன? இதையும் காமிரா வைத்தே அளந்தார்கள். முதல் வண்டி கிளம்பிச் சந்திக்குள் நுழைய 3.8 விநாடி ஆயிற்று. அதன் பின் இரண்டாவது வண்டிக்கு 3.1, மூன்றாவதற்கு 2.7, நான்காவதற்கு 2.4, ஐந்தாவதற்கு 2.2. ஆறாவது வண்டி முதல் ஒவ்வொன்றுக்கும் ஒரே சீராக 2.1 விநாடி.

முன்னே நிற்பவர் விளக்கைப் பார்க்க வேண்டும், கியர் போட வேண்டும், வண்டியை நகர்த்த வேண்டும். அந்தத் தயக்கம் முதல் ஐந்து வண்டிகளோடு தீர்ந்துபோகிறது. கூட்டிப் பார்த்தால், ஒவ்வொரு பச்சை விளக்கிலும் இவ்விதம் வீணாவது 3.7 விநாடி. அற்பம் என்று தோன்றுகிறதா? ஒரு மணியில் 60 முறை விளக்கு மாறினால், 222 விநாடி. ஏறக்குறைய நாலு நிமிஷம் சாலை சும்மா கிடக்கிறது! விளக்கை அடிக்கடி மாற்றினால் எல்லோருக்கும் சீக்கிரம் வழி கிடைக்கும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். எத்தனை விநாடி பச்சை, எத்தனை விநாடி சிவப்பு என்று வகுக்கும் கலை இத்தகைய அளவுகளிலிருந்தே வளர்ந்தது.

1952-ல் புள்ளியியல் பேராசிரியர் பிராங்க் வைடாவுடன் சேர்ந்து ஒரு பாட நூல் எழுதினார். சாலை இஞ்சினீயர்களுக்குப் புள்ளியியலைக் கற்றுக்கொடுப்பதற்காக எழுதிய நூல் அது. ‘சராசரி’ என்ற சொல்லை நம்பி மோசம் போகாதே என்பது இந்தத் துறையின் முதற்பாடம். சராசரியாகப் பத்து விநாடிக்கு ஒரு வண்டி வரும் சாலை என்றால், பத்து விநாடிக்கு ஒன்றாக வரிசையாக வரும் என்று பொருள் அல்ல. வண்டிகள் தம் போக்கில் வருமானால், நூறு தடவைக்கு 37 தடவை அந்தப் பத்து விநாடியில் ஒரு வண்டிகூட வராது. 26 தடவை இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து வந்துவிடும். “இவ்வளவு நேரம் காலியாக இருந்தது, நாம் காலை வைத்ததும் எங்கிருந்துதான் வந்தனவோ!” என்று சாலையைக் கடக்கும் பாட்டி அலுத்துக்கொள்கிறாளே, அவள் சொல்வதில் கணித சாஸ்திரம் இருக்கிறது.

வண்டியிலிருந்து மனிதனுக்கு

வயது ஏற ஏற, அவர் பார்வை வண்டியிலிருந்து அதை ஓட்டும் மனிதனிடம் திரும்பியது. ஒரே தூரத்தை ஒரே நேரத்தில் கடக்கும் இரண்டு பிரயாணங்கள் ஒன்றாகிவிடுமா? ஒன்றில் வண்டி சீராக ஓடுகிறது. மற்றொன்றில் ஓடுவதும் நிற்பதும், நிற்பதும் ஓடுவதுமாக உயிரை வாங்குகிறது. வேகத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். போனவரைக் கேட்டால் தெரியும் வித்தியாசம்! 1950-களில் அவர் இதற்கும் ஓர் அளவுகோல் வகுத்தார். சராசரி வேகம் கூடினால் மதிப்பெண் கூடும். வேகம் எத்தனை முறை, எவ்வளவு மாறுகிறதோ அதற்கேற்பக் குறையும்.

1956-ல் தாம் டாக்டர் பட்டம் பெற்ற மிச்சிகன் சர்வகலாசாலைக்கே திரும்பி, அங்கே போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் பொறுப்பேற்றார். 1966-ல் ஓய்வு பெற்றார். இந்தக் காலத்தில் அவர் முனைந்தது ‘டிரைவோமீட்டர்’ என்ற கருவியில். டாக்டர் நாடி பார்ப்பதுபோல இது ஓட்டுகிறவரின் நாடியைப் பார்க்கும். ஸ்டீயரிங்கை எத்தனை முறை இப்படியும் அப்படியும் திருப்புகிறார், ஆக்ஸிலேட்டரை எத்தனை முறை அழுத்தி விடுகிறார், பிரேக்கை எத்தனை முறை மிதிக்கிறார், வேகம் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே வரும். அடிக்கடி விபத்துக்கு உள்ளாகிறவரையும் விதிகளை மீறுகிறவரையும் இந்த எண்ணிக்கையால் முன்கூட்டியே இனம் காண முடியுமா என்று அவர் ஆராய்ந்தார். இன்னொருவருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1967-ல் வெளியாயிற்று. வெளியிட்டது இஞ்சினீயரிங் பத்திரிகை அல்ல, மனோதத்துவப் பத்திரிகை! கல்லையும் மண்ணையும் கட்டி மேய்க்கும் ஸிவில் இஞ்சினீயரிங்கில் ஆரம்பித்தவர், எழுபது வயதுக்கு மேல் மனித மனத்தின் வாசலில் போய் நின்றார்.

1976-ல் போக்குவரத்து இஞ்சினீயர்களின் மாட்ஸன் நினைவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1979-ல் காலமானார்.

சைதாப்பேட்டைப் பாலத்தில்

கிரீன்ஷீல்ட்ஸ் டாக்டர் பட்டம் பெற்ற அதே 1934-ம் ஆண்டு டிசம்பரில்தான் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைந்தது. நம் நாட்டில் சாலைகளுக்கு இலக்கணம் வகுக்கும் சபை அது. ஆனால் நம் சாலையில் அவருடைய கோட்டை அப்படியே கொண்டுவந்து போட முடியுமா?

அவர் படம் பிடித்த சாலையில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாகப் போயின. நம் சாலையில் பஸ், லாரி, கார், ஆட்டோ ரிக்ஷா, மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் பக்கம் பக்கமாகப் போகின்றன. எது எதன் பின்னால் போகிறது என்று சொல்வதே கடினம். ஆகையால் எல்லாவற்றையும் காராக மாற்றிக் கணக்குப் பார்ப்பார்கள். கிராமப்புறச் சாலைகளுக்காகச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு மோட்டார் சைக்கிள் அரைக் காருக்குச் சமம். ஒரு சைக்கிள் ரிக்ஷா இரண்டு கார். ஒரு பஸ் அல்லது லாரி மூன்று கார். பெரிய மாட்டு வண்டியோ எட்டுக் கார்! மாடு மெதுவாக நடப்பதற்கு அவ்வளவு விலை.

இந்த மாற்றுக் கணக்கும் உத்தேசமே. உண்மை தெரிய வேண்டுமானால், பழையபடி சாலையோரத்துக்குத்தான் போக வேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள். சென்னையில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையிலுள்ள மறைமலை அடிகள் பாலத்தில் ஓடும் வண்டிகளை வீடியோவில் படம் பிடித்து, ஒவ்வொரு வண்டியும் விநாடிக்கு விநாடி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று குறித்த ஆராய்ச்சி 2015-ல் வெளியாயிற்று. ஓஹையோவில் 16 மில்லிமீட்டர் பிலிம் செய்த வேலையை சைதாப்பேட்டையில் வீடியோ செய்தது. அங்கே முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அளந்தால் போதுமாயிருந்தது. இங்கே பக்கத்து இடைவெளியையும் அளக்க வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

பேராசிரியரின் கோடு நம் சாலைக்குச் சரியாகப் பொருந்தாமல் போகலாம். அது சொல்லும் எச்சரிக்கை பொருந்தாமல் போகாது. எந்தச் சாலைக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் திணித்த ஒவ்வொரு வண்டியும் மற்றவர்களின் நேரத்தைத் தின்கிறது. அந்த நெரிசலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸும் அகப்பட்டுக்கொள்கிறது.

அப்படியானால், எல்லையுள்ள சாலையில் யாருக்கு முதல் இடம் என்ற கேள்வி எழுகிறது. மூன்று கார்கள் அடைக்கும் இடத்தை ஒரு பஸ் அடைக்கிறது, உண்மை. அந்த மூன்று கார்களில் ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பதினைந்து பேர். அந்த ஒரு பஸ்ஸில் அறுபது பேர். வண்டியை எண்ணினால் பஸ் மூன்று மடங்கு குற்றவாளி. மனிதரை எண்ணினால் நாலு மடங்கு உபகாரி. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே நியாயம் மாறுகிறது.

சாலையை அகலப்படுத்துவதும் பாலம் போடுவதும் சர்க்கார் செய்ய வேண்டிய காரியம். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். முன் வண்டிக்கும் தன் வண்டிக்கும் கொஞ்சம் இடைவெளி விடுவதற்குக் காலணா செலவில்லை. அந்தக் கொஞ்ச இடைவெளியில்தான் சாலையின் ஓட்டமே இருக்கிறது என்பதை ஒரு பேராசிரியர் படம் பிடித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.